இன்னும் அமைக்கப்படாத ஒரு குழுவுக்கு: செட்னாவின் பொருட்டு ஒரு திறந்த மடல்

பெறுநர்: அமெரிக்க தேசிய அகாதெமிகளின் அடுத்த கோள் அறிவியல் பத்தாண்டுத் திட்டக் குழுவினர்

மதிப்பிற்குரியவர்களே,

வணக்கம். உங்கள் குழு இன்னும் அமைக்கப்படவில்லை. தலைவர் யார், உறுப்பினர்கள் யார் யார் என்பதெல்லாம் பின்னால்தான் முடிவாகும். இப்போது நடப்பில் இருக்கும் திட்ட அறிக்கை 2022 ஏப்ரலில் வெளியானது. 2023 முதல் 2032 வரையிலான ஆண்டுகளில் எங்கெங்கே விண்கலம் அனுப்புவது என்று நாசாவுக்கு அதுதான் வழிகாட்டி. அதற்கு அடுத்த அறிக்கை உங்களுடையது. ஆள் வருமுன்னே நாற்காலிக்கு மனுக் கொடுக்கிறானே என்று நீங்கள் சிரிக்கலாம். நீங்கள் வந்து உட்காரும்போது செவ்வாய், வெள்ளி, யூரோப்பா, டைட்டன் என்று கோரிக்கைகள் மேசையை நிறைத்திருக்கும். அந்தக் கூட்டத்துக்கு முன்பே ஒரு பெயரைச் சொல்லி வைக்க விரும்புகிறேன்.

அந்தப் பெயர் செட்னா. நெப்டியூனுக்கும் வெகு அப்பால் சூரியனைச் சுற்றும் ஒரு சிறிய பனியுலகம். கோரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: 2033 முதல் 2042 வரையிலான உங்கள் திட்டத்தில், செட்னாவை நெருங்கிக் கடந்துபோகும் ஒரு விண்கலத்துக்கு இடம் கொடுங்கள். அது 2046இல் புறப்பட வேண்டும்.

உங்களுக்குச் செட்னாவை அறிமுகப்படுத்துவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலைதான். ஆனால் இது திறந்த மடல். தமிழில் படிப்பவர்களும் கூட இருக்கிறார்கள், அவர்களுக்காகச் சில வரிகள்.

2003 நவம்பர் 14 அன்று கலிபோர்னியாவின் பாலோமார் மலையிலுள்ள 48 அங்குல சாமுவேல் ஓஷின் தொலைநோக்கி எடுத்த படங்களில், விண்மீன்களுக்கு நடுவே மிக மெதுவாக நகர்ந்த ஒரு புள்ளி அகப்பட்டது. கண்டவர்கள் மைக் பிரவுன், சாட் ட்ருஹியோ, டேவிட் ரபினோவிட்ஸ் ஆகிய மூவர். 2004 மார்ச் 15 அன்று உலகுக்கு அறிவித்தார்கள். பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலுள்ள தூரத்தை ஓர் அலகு என்று வைத்துக்கொண்டால் (இந்த மடல் முழுக்க அப்படித்தான்), அன்றைக்கு அது 90 அலகு தொலைவில் இருந்தது. சூரியக் குடும்பத்தில் அதுவரை அவ்வளவு தூரத்தில் எதையும் யாரும் பார்த்ததில்லை. ஆர்க்டிக் பகுதி இனுயிட் மக்களின் கடல் தெய்வம் செட்னா. உறைகுளிர்க் கடலின் அடியில் குடியிருப்பவள். அந்தப் பெயரையே வைத்தார்கள்.

குறுக்களவு ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர். நம் நிலவின் குறுக்களவில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. செவ்வாய்க்கு ஈடான செந்நிறம். மேற்பரப்பு வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 240 பாகை செல்சியஸைவிடத் தாழ்வு. மிக நெருங்கி வரும்போதும் அங்கே சூரிய ஒளி போய்ச் சேரப் பத்தரை மணி நேரம் ஆகும். அங்கு நின்று பார்த்தால் சூரியன் ஒரு விண்மீனைப் போல வெறும் புள்ளியாகத்தான் தெரியும். ஆனாலும் அந்தப் புள்ளி நம் முழுநிலவைப் போல் சுமார் 70 மடங்கு வெளிச்சம் தரும். இருட்டு என்று பலரும் எழுதுகிறார்கள், அவ்வளவு இருட்டில்லை. இன்றைய இரவு வானில் கார்த்திகையும் ரோகிணியும் இருக்கிற இடப விண்மீன் கூட்டத்தின் திசையில் செட்னா இருக்கிறது. வெறுங்கண்ணுக்குத் தெரியாது. மொட்டைமாடியில் வைக்கும் தொலைநோக்கிக்கும் எட்டாது.

இனி நீங்களும் கவனிக்க வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். செட்னா சூரியனைச் சுற்றும் பாதை மிக நீண்ட நீள்வட்டம். மிக அருகே வரும்போது 76 அலகு. மிக விலகிப் போகும்போது 900 அலகுக்கும் மேல். ஒரு சுற்று முடிய 11,000 ஆண்டுக்கு மேலாகும். போன முறை அது இவ்வளவு அருகே வந்தபோது பூமியில் பனியுகம் முடிந்து சிறிது காலமே ஆகியிருந்தது. வேளாண்மை எங்கும் முழுதாக வேர்விட்டிருக்கவில்லை. மறுபடியும் மிக அருகே வரப்போவது 2076இல்.

நீள்வட்டம் நீண்டிருப்பது பெரிய அதிசயமில்லை. வால்மீன்கள் இதைவிட நீண்ட பாதையில் வருகின்றன. அதிசயம் அந்த 76 என்ற எண்ணில் இருக்கிறது. நெப்டியூன் இருப்பது 30 அலகு தூரத்தில். அதற்கப்பால் உள்ள, பனியுடல்கள் நிறைந்த கைப்பர் பட்டை 50 அலகு வாக்கில் மெலிந்துவிடுகிறது. நெப்டியூன் தன் ஈர்ப்பால் ஒரு பனியுடலை வெளியே வீசினால், அது எவ்வளவு தூரம் போனாலும் வீசப்பட்ட இடத்தின் பக்கம் திரும்பி வந்தே தீரும். ஈர்ப்பு விதியின் கணக்கு அப்படி. எரிஸ் என்ற பனியுலகை எடுத்துக்கொள்ளுங்கள். அது 97 அலகு வரை போகிறது, ஆனால் திரும்பும்போது 38 அலகு வரை உள்ளே வந்துவிடுகிறது. அதைத் தள்ளிவிட்டது யார் என்று பாதையே காட்டிக்கொடுத்துவிடுகிறது. செட்னா 76க்கு உள்ளே வருவதே இல்லை. நெப்டியூனின் கை அங்கே எட்டாது. மறுமுனையில் பார்த்தால், அருகே கடக்கும் விண்மீன்களும் பால்வெளியின் ஈர்ப்பும் வால்மீன்களின் பாதையை மாற்றுவது ஆயிரக்கணக்கான, பல்லாயிரக்கணக்கான அலகுகளுக்கு அப்பால், வால்மீன்களின் இருப்பிடமான ஊர்ட் முகிலில். செட்னா அந்த அளவுக்கு வெளியே போவதும் இல்லை. உள்ளே இருப்பவர்களும் இழுக்கவில்லை, வெளியே இருப்பவர்களும் இழுக்கவில்லை. அப்படியானால் இழுத்தது யார்?

விடையாக முன்வைக்கப்படுபவை மூன்று. சூரியன் பிறந்தபோது அது தனியாகப் பிறக்கவில்லை, ஒரு விண்மீன் கொத்தில் பிறந்தது. அந்தக் கொத்தின் உடன்பிறப்பு ஒன்று அருகே கடந்து சென்றபோது செட்னாவை இழுத்து இந்தப் பாதையில் விட்டது என்பது ஒன்று. தொலைவில் நாம் இன்னும் காணாத ஒரு பெரிய கோள் இருந்து இழுக்கிறது என்பது இன்னொன்று. 2016இல் கான்ஸ்டன்டின் பட்டிகினும் இதே மைக் பிரவுனும் விரிவாக எழுதிய ஒன்பதாம் கோள் கருதுகோள் இந்த வகை. மூன்றாவது எனக்கு மிகப் பிடித்தது, நம்புவதற்கு மிகக் கடினமானதும் அதுதான்: செட்னா நம்முடையதே அல்ல, வேறொரு விண்மீனைச் சுற்றிப் பிறந்து, பக்கத்தில் கடந்தபோது சூரியனிடம் வந்துவிட்டது.

இந்த மூன்றில் எது மெய்யானாலும் அதற்கு நேரில் கண்ட சாட்சி செட்னாதான். சூரியனோடு பிறந்த விண்மீன்கள் எல்லாம் பால்வெளியில் எங்கெங்கோ சிதறிப்போய்விட்டன. 450 கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்ததைச் சொல்ல அந்தப் பாதை மட்டும் மிச்சம் இருக்கிறது.

கூட்டாளிகள் சிலர் கிடைத்திருக்கிறார்கள் என்பதும் உண்மை. 2012 விபி113 என்ற பெயரில் ஒன்று. 2018இல் அறிவிக்கப்பட்ட லெலேயாகூஹோனுவா. 2025இல் ஜப்பானின் சுபாரு தொலைநோக்கியின் துணையோடு அறிவிக்கப்பட்ட 2023 கேக்யூ14. இந்தக் கடைசி ஆளின் பாதை மற்றவற்றோடு ஒத்த திசையில் இல்லை. அதனால், பாதைகள் ஒத்த திசையில் இருப்பதையே சான்றாகக் காட்டும் ஒன்பதாம் கோள் கட்சிக்குக் கொஞ்சம் சங்கடம். சிலியில் வேரா ரூபின் ஆய்வகம் 3,200 மெகாபிக்சல் கேமராவோடு வானத்தைத் துழாவுகிறது; இன்னும் பல கிடைக்கும். ஆனால் இதுவரை கிடைத்த கூட்டாளிகள் எல்லாம் சிறியவை. ஓர் உலகம் என்று சொல்லத்தக்க அளவு, தன் ஈர்ப்பாலேயே உருண்டையாகத் திரண்டிருக்கக்கூடிய அளவு, செட்னா ஒன்றுக்குத்தான்.

ரூபின் இருக்கிறதே, ஜேம்ஸ் வெப் இருக்கிறதே, நாளை இன்னும் பெரிய தொலைநோக்கிகள் வருமே, விண்கலம் எதற்கு என்று உங்கள் குழுவிலேயே ஒருவர் கேட்பார். கேட்கவும் வேண்டும். அவருக்கு என் பதில்: எவ்வளவு பெரிய தொலைநோக்கி கட்டினாலும் செட்னாவை எடைபோட முடியாது.

ஒரு பனியுலகின் நிறையைத் தூரத்திலிருந்து அறிய அதற்கொரு துணைக்கோள் வேண்டும். புளூட்டோவுக்குச் சாரன் இருந்தது, எரிஸுக்கு டிஸ்னோமியா இருந்தது; துணைக்கோள் சுற்றும் வேகத்தை வைத்துத் தாய் உடலின் நிறையைக் கணக்கிட்டுவிட்டார்கள். செட்னாவுக்கும் ஒன்று இருக்கும் என்றுதான் 2004இல் நம்பினார்கள். அதற்குக் காரணமும் இருந்தது. முதல் அளவீடுகளில் செட்னா தன்னைத்தானே சுற்ற இருபது நாளுக்கு மேல் எடுத்துக்கொள்வதாகத் தெரிந்தது. இவ்வளவு மந்தமாகச் சுற்ற வேண்டுமானால் ஏதோ ஒரு துணைக்கோள் அதன் சுழற்சியை இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். உடனே ஹப்பிளைத் திருப்பிப் பார்த்தார்கள். துணைக்கோள் இல்லை. பிறகு 2005இல் அரிசோனாவின் எம்எம்டி தொலைநோக்கியில் மறுபடி அளந்தபோது, செட்னா சுற்ற எடுத்துக்கொள்வது வெறும் 10 மணிச் சொச்சம் என்று தெரிந்தது. மந்தம் என்பதே பிழை. துணைக்கோள் தேவையே இல்லை. அறிவியல் தன் கணக்கைத் தானே திருத்திக்கொண்டதில் மகிழ்ச்சிதான். ஆனால் எடைபோடும் வழி அத்தோடு அடைபட்டது.

நிறை தெரியாவிட்டால் அடர்த்தி தெரியாது. அடர்த்தி தெரியாவிட்டால் உள்ளே பாறை எவ்வளவு, பனி எவ்வளவு என்று தெரியாது. அது தெரியாமல், எங்கே பிறந்தது என்ற வழக்கில் மிக முக்கியமான தடயம் ஒன்று இல்லாமல் வாதாட வேண்டியிருக்கும். பக்கத்தில் ஒரு கலம் கடந்து போனால், செட்னாவின் ஈர்ப்பு அந்தக் கலத்தின் வேகத்தில் உண்டாக்கும் மிகச் சிறிய மாற்றத்தை வானொலிக் குறிப்பலையில் அளந்து நிறையைச் சொல்லிவிடலாம். இன்றைக்குக் கையில் இருக்கும் வழி அது ஒன்றுதான். கூடவே பள்ளங்களை எண்ணலாம். எத்தனை மோதல்களை வாங்கியிருக்கிறது என்பதிலிருந்து எந்த மாதிரிக் கூட்டத்தில் காலம் கழித்தது என்பதற்குத் துப்புக் கிடைக்கும்.

தொலைநோக்கிகளைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். உண்மையில் இந்த மடலை எழுதத் தூண்டியதே வெப் தொலைநோக்கி எடுத்த நிறமாலைதான். செட்னா, கோங்கோங், குவாவார் என்ற மூன்று பனியுலகங்களையும் அது பார்த்தது. செட்னாவின் மேற்பரப்பில் ஈத்தேன் இருக்கிறது; மீத்தேன் மீது கதிர்வீச்சு பட்டுப் பட்டு உண்டாகும் பொருள் அது. இந்த மூன்று உடல்களும் உள்ளே ஒரு காலத்தில் உருகி, வேதி மாற்றங்களுக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்று அந்த ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தார்கள். 1,000 கிலோமீட்டர் பனி உருண்டை ஒன்றுக்கு இப்படி ஓர் உள்வாழ்க்கை இருந்திருக்கும் என்று 2003இல் சொல்லியிருந்தால் எத்தனை பேர் ஒத்துக்கொண்டிருப்பார்கள்? இன்னொன்றும் கவனியுங்கள். சூரியக் காற்று பரவியிருக்கும் குமிழின் எல்லையை வாயேஜர் 1 கடந்தது 2012 ஆகஸ்டில், 121 அலகு தூரத்தில். செட்னா தன் சுற்றில் பெரும்பகுதியை அந்தக் குமிழுக்கு வெளியே, விண்மீன்களுக்கு இடைப்பட்ட கதிர்வீச்சில் கழிக்கிறது. நாம் நேரில் பார்த்த எந்தப் பனியுலகமும் இப்படி வளர்ந்ததல்ல.

சரி, ஆண்டுக் கணக்கு. 2011இல் நெப்டியூனுக்கு அப்பாலுள்ள உடல்களுக்கான பயணப் பாதைகளைக் கணக்கிட்ட ஒரு ஆய்வு, வியாழனின் ஈர்ப்பு உந்துதலை வாங்கிக்கொண்டு போனால் செட்னாவை ஏறத்தாழ 24½ ஆண்டில் அடையலாம் என்றது. அதற்கு வியாழன் சரியான இடத்தில் நிற்க வேண்டும். அப்படி நிற்கும் ஆண்டுகளாக அந்த ஆய்வு சொன்னவை 2033, 2046. முதலாவது போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அறிக்கை அச்சாகும் நேரத்தில் அந்தக் கலம் ஏவுதளத்தில் நிற்க வேண்டும், நடக்காது. 2046இல் புறப்பட்டால் 2070 வாக்கில் போய்ச் சேரும். செட்னா அப்போது தன் மிக அருகிலுள்ள புள்ளியை நெருங்கிக்கொண்டிருக்கும். 2046இல் ஏவ வேண்டுமென்றால் தீர்மானம், பணம், வடிவமைப்பு எல்லாம் உங்கள் பத்தாண்டுக்குள் தொடங்கியாக வேண்டும். உங்களுக்கு எழுதுவதன் காரணம் இதுதான்.

2076 ஜூலையோடு கதவு சாத்தப்படும் என்று நான் மிரட்டப்போவதில்லை. செட்னா அவ்வளவு வேகமாக ஓடிவிடாது. அருகிலுள்ள புள்ளியைச் சுற்றி ஐம்பது ஆண்டு முன்னும் பின்னும் அது 85 அலகுக்குள்தான் இருக்கும். 2046ஐத் தவறவிட்டால் வியாழன் மீண்டும் அந்தத் திசைக்கு வர ஏறத்தாழ 12 ஆண்டு, அப்போதும் போகலாம். அதையும் விட்டால் இன்னொரு 12. இப்படிப் போகலாம் போகலாம் என்று ஒவ்வொரு குழுவும் அடுத்த குழுவிடம் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தால், 2200 வாக்கில் அது 100 அலகைத் தாண்டிப் போயிருக்கும். அதன் பிறகு ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு விலகிக்கொண்டேதான் போகும்.

'கடைசி வாய்ப்பு' என்று சொல்லத் தயங்குவதற்குப் புளூட்டோவும் ஒரு காரணம். புளூட்டோ 1989இல் சூரியனுக்கு மிக அருகே வந்து விலகத் தொடங்கியது. சீக்கிரம் கலம் அனுப்பாவிட்டால் அதன் மெல்லிய காற்று உறைந்து விழுந்துவிடும் என்று அன்று அவசரப்படுத்தினார்கள். 2015இல் நாசாவின் நியூ ஹொரைசன்ஸ் கலம் போய்ப் பார்த்தபோது காற்று இருந்தது, நீல நிறப் புகைமூட்டத்தோடு. அவசரத்துக்குச் சொன்ன காரணம் பொய்த்தது. ஆனால் அந்த அவசரம் இல்லாதிருந்தால் கலமே போயிருக்காது. அந்தக் கதையை நான் உங்களுக்கு நினைவூட்ட வேண்டும், ஏனென்றால் அதில் உங்கள் முன்னோர்களுக்கு நல்ல பங்கு உண்டு.

1991இல் உங்கள் அஞ்சல் துறை கோள்களுக்கு வரிசையாக அஞ்சல் தலை வெளியிட்டது. ஒவ்வொன்றிலும் அங்கே போன கலத்தின் படம். புளூட்டோ தலையில் மட்டும் 'இன்னும் ஆராயப்படவில்லை' என்ற வாசகம். விலை 29 சென்ட். அந்த வாசகம் உறுத்திய பலரில் கோள் அறிவியலாளர் ஆலன் ஸ்டெர்னும் ஒருவர். அவர் 1989இலிருந்தே புளூட்டோவுக்காக வாதாடிக்கொண்டிருந்தார். ஒரு திட்டம் வந்தது, செலவு கூடியது, நின்றது. இன்னொன்று வந்தது, அதுவும் அப்படியே. 2000 செப்டம்பரில் புளூட்டோ கைப்பர் எக்ஸ்பிரஸ் திட்டத்தை நாசா நிறுத்தியது. பொதுமக்கள் ஆயிரக்கணக்கில் கடிதம் எழுதினார்கள். போட்டி மறுபடி திறந்தது; 2001 நவம்பரில் நியூ ஹொரைசன்ஸ் தேர்வானது. தேர்வான பின்னும் அரசு பணம் தர மறுத்தது. அந்த இழுபறி நடுவே 2002இல் வந்தது கோள் அறிவியலின் பத்தாண்டு அறிக்கை. நடுத்தரச் செலவுத் திட்டங்களில் முதலிடத்தை அது புளூட்டோ–கைப்பர் பட்டைப் பயணத்துக்குக் கொடுத்தது. அதன் பிறகு மறுக்க வழியில்லாமல் போயிற்று. 2006 ஜனவரி 19 அன்று கலம் புறப்பட்டபோது அந்த 29 சென்ட் தலை ஒன்றும் அதில் ஒட்டப்பட்டிருந்தது.

ஆகவே உங்கள் அறிக்கையின் ஒரு பக்கத்துக்கு எவ்வளவு வலிமை என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2015 ஜூலை 14 அன்று புளூட்டோவில் கிடைத்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை: மூன்று கிலோமீட்டருக்கு மேல் உயர்ந்த நீர்ப்பனி மலைகள், ஒரு மோதல் பள்ளம்கூட இல்லாத நைட்ரஜன் பனிச் சமவெளி. செத்த உலகம் என்று நினைத்திருந்தார்கள். அதன் தரை நேற்றுப் போட்டது போல் இருந்தது.

இனி எதிர்வாதங்கள். இருபத்து நான்கு ஆண்டு பறந்து போய்ச் சில மணி நேரம் பார்ப்பதா என்பது முதலாவது. நொடிக்கு 14, 15 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கலம் செட்னாவின் முழு அகலத்தையும் ஒன்றரை நிமிடத்துக்குள் கடந்துவிடும். நின்று சுற்றிவர எரிபொருள் இருக்காது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் செட்னாவிடம் புளூட்டோவிடம் இல்லாத ஒரு வசதி இருக்கிறது. புளூட்டோ ஒருமுறை சுழல ஆறு நாளுக்கு மேல் ஆகும். அதனால் நியூ ஹொரைசன்ஸ் ஒரு பாதியைத்தான் துல்லியமாகப் பார்த்தது. மறுபாதி தூரத்துப் படங்களோடு நின்றுபோயிற்று. செட்னா 10 மணிக்கு ஒரு முறை சுழல்கிறது. நெருங்கும் கடைசி நாளில் மட்டும் இரண்டு முறைக்கு மேல் சுழன்று, வெயில் படும் பக்கங்களை எல்லாம் காட்டிவிடும்.

தரவு திரும்பி வரும் வேகம் இதைவிடப் பெரிய சிக்கல். புளூட்டோவிலிருந்து எல்லாத் தரவும் வந்து சேர 2016 அக்டோபர் வரை ஆயிற்று, ஏறத்தாழ 15 மாதம். அதே ஆன்டெனா, அதே மின்திறன் என்று வைத்துக்கொண்டால், இரு மடங்குக்கு மேலான தூரத்தில் வேகம் ஐந்தில் ஒரு பங்காகிவிடும். அதே அளவு தரவுக்கு ஆறு ஆண்டு. 2070இல் சந்தித்தால் கடைசிப் படம் 2076இல் வரும். பொறியாளர்கள் இதைவிட நன்றாகச் செய்வார்கள் என்று நம்புகிறேன். ஒருவேளை இப்படித்தான் என்றாலும் எனக்குப் புகார் இல்லை.

இதைவிட வேகமாகப் போகும் உத்திகள் வரட்டுமே, ஏன் அவசரம் என்பது இன்னொரு வாதம். 2025இல் இத்தாலிய ஆய்வாளர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள்: அணுக்கரு இணைவு உந்துபொறி இருந்தால் 10 ஆண்டு, புதுவகைச் சூரியப் பாய் இருந்தால் 7 ஆண்டு. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த உந்துபொறி இன்னும் எங்கும் பறக்கவில்லை; அதற்காகக் காத்திருப்பது வராத மாப்பிள்ளைக்கு முகூர்த்தம் குறிப்பதாகிவிடும். வந்தால் மாற்றிக்கொள்ளலாம். திட்டத்தை இருக்கிற ராக்கெட்டுக்கும் இருக்கிற வியாழனுக்கும் போடுங்கள்.

கலத்துக்கான மின்சாரம் பற்றிக் கொஞ்சம். சூரியத் தகடுகள் அங்கே பயன்படாது. வெளிச்சம் பூமியில் விழுவதில் 5,800இல் ஒரு பங்குதான். தன் கதிரியக்க வெப்பத்தால் மின்சாரம் ஆக்க உதவும் புளூட்டோனியம்-238 வேண்டும். அதன் அரைவாழ்வு 87.7 ஆண்டு, ஆகவே செட்னாவை அடையும்போதும் வெப்பத்தில் ஐந்தில் நான்கு பங்கு மிஞ்சியிருக்கும். மின்னாக்கும் இணைப்புகள் தேய்வதால் மின்சாரம் அதைவிடக் குறைவு. உங்கள் நாடு 1988இல் இதன் உற்பத்தியை நிறுத்தி, பல ஆண்டு கழித்து ஓக் ரிட்ஜில் மறுபடி தொடங்கியது. 2022 அறிக்கை முதலிடம் கொடுத்த யுரேனஸ் கலத்துக்கும் இதுவே வேண்டும். எனவே கையிருப்பை இப்போதே கணக்கில் எடுக்க வேண்டும். ஐரோப்பியர்கள் அமெரிசியம்-241 கொண்டு மின்கலம் செய்யும் வேலையில் இருக்கிறார்கள். எடைக்கு எடை வெப்பம் குறைவு. ஆனால் அரைவாழ்வு 430 ஆண்டுக்கு மேல். நீண்ட பயணத்துக்கு ஏற்ற பொருள். செட்னா கலத்தில் அதற்கு வாய்ப்புக் கொடுத்துப் பார்க்கலாம்.

இந்தக் கலத்தை வடிவமைப்பவர்களில் பலர் அது போய்ச் சேருவதைப் பார்க்க மாட்டார்கள் என்று தயங்குவீர்கள். வாயேஜர் இரண்டும் 1977இல் புறப்பட்டவை, இன்றும் பேசிக்கொண்டிருக்கின்றன. 2023 நவம்பரில் வாயேஜர் 1 புரியாத எண்களை அனுப்பத் தொடங்கியபோது, அதைச் செய்தவர்களில் பெரும்பாலோர் ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. பழைய காகிதங்களைத் தேடிப் படித்து, கெட்டுப்போன ஒரு நினைவகச் சில்லில் இருந்த கட்டளைகளைத் துண்டு துண்டாக வேறு இடங்களுக்கு மாற்றி, 2024 ஏப்ரலில் மீட்டுவிட்டார்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பயன்பாட்டு இயற்பியல் ஆய்வகம் 50 ஆண்டு இயங்கும் விண்மீனிடைக் கலம் ஒன்றுக்கு முழு வரைவே தயாரித்து வைத்திருக்கிறது. ஒரு தலைமுறை தொடங்கி மறு தலைமுறை முடிப்பது எப்படி என்று உங்கள் நாட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த எழுத்தைப் பயன்படுத்துங்கள்.

பணம்? நியூ ஹொரைசன்ஸுக்கு 70 கோடி டாலருக்கு மேல் ஆனது. இது அதைவிடக் கூடும். உங்கள் வரிப்பணத்தைப் பற்றி நான் பேசக்கூடாது என்பது நியாயம்தான். ஆனால் செலவு முழுவதையும் ஒரே நாடு சுமக்க வேண்டியதில்லை. 2008இல் எங்கள் சந்திரயான்-1 உங்களுடைய கனிம வரைபடக் கருவியைச் சுமந்து சென்றது. நிலவின் மேற்பரப்பில் நீர்த் தடயத்தைக் கண்டதில் அந்தக் கருவிக்குப் பெரும் பங்கு. இம்முறை கருவி எங்களுடையதாக, கலம் உங்களுடையதாக இருக்கட்டும். ஐரோப்பா மின்கலம் தரட்டும், ஜப்பான் கேமரா தரட்டும். இஸ்ரோ இதற்குத் தலைமை தாங்க வேண்டும் என்று நான் இப்போது கேட்க மாட்டேன்; செவ்வாய்க்கு அப்பால் அது இன்னும் போகவில்லை. ஆனால் இஸ்ரோவில் இதைப் படிக்கிறவர் யாரேனும் இருந்தால், 2046க்கு ஒரு நிறமாலைமானி செய்ய இன்றைக்குக் கல்லூரியில் சேரும் மாணவர்களுக்குத் தாராளமாக நேரம் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

யுரேனஸோடு போட்டி போட இந்த மடலை எழுதவில்லை. 1986 ஜனவரிக்குப் பிறகு யாரும் எட்டிப் பார்க்காத கோள் அது. 2022 அறிக்கை அதற்கு முதலிடமும் சனியின் துணைக்கோளான என்செலடஸுக்கு அடுத்த இடமும் கொடுத்தது சரியே. 2025இல் உங்கள் அரசு முன்மொழிந்த வரவுசெலவுத் திட்டத்தில் நாசாவின் அறிவியல் நிதியைப் பாதியளவுக்குக் குறைக்கவும், இன்னும் உயிரோடு இருக்கும் நியூ ஹொரைசன்ஸையே நிறுத்தவும் சொல்லியிருந்ததையும் படித்தேன். அப்படிப்பட்ட காலத்தில் புதிதாக ஒன்று கேட்பது பேராசை போலத் தோன்றலாம். பணம் உள்ள காலத்தில் கேட்டிருந்தால் வரிசை இன்னும் நீளமாக இருந்திருக்கும், அவ்வளவுதான்.

உங்களிடம் உடனடியாகக் கேட்பது சிறியது. போன முறை குழு தன் வேலையைத் தொடங்கியபோது அறிவியலாளர்களிடமிருந்து 500க்கும் மேற்பட்ட வெள்ளை அறிக்கைகள், அதாவது பரிந்துரைக் கட்டுரைகள், வந்தன. அவற்றோடு பல பயணத் திட்டங்களுக்கு விரிவான வரைவு ஆய்வுகளும் நடந்தன. உங்கள் முறை வரும்போது, வரைவு ஆய்வுப் பட்டியலில் செட்னாவை ஒரு வரியாகச் சேருங்கள். 2046 பாதையை இன்றைய ராக்கெட்டுகளை வைத்து மறுபடி கணக்கிடச் சொல்லுங்கள். எவ்வளவு புளூட்டோனியம், எவ்வளவு பெரிய ஆன்டெனா, எவ்வளவு பணம் என்று எண்களை எழுதி வாங்குங்கள். எண்கள் கட்டுப்படியாகாவிட்டால் நிராகரியுங்கள்; அந்த எண்களையும் நிராகரித்த காரணத்தையும் அறிக்கையில் அச்சிட்டு விடுங்கள். உங்களுக்கு அடுத்து வரும் குழு எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருக்கும்.

மரியாதையுடன்,
வானியல் படிக்கும் ஒரு தமிழ் வாசகன்